முன்பல் நான்கு

அது மழைக்காலத்தின் தொடக்கமா நடுவா என்று இப்போது நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. தெருவில் ஒவ்வொரு வாசலிலும் ஈரத்துணி தொங்கியது நினைவிருக்கிறது. ஆனால் அது அந்த வருடத்து ஈரமா, அடுத்த வருடத்து ஈரமா என்று தெரியவில்லை. குழந்தைக்கு மூன்று முடிந்திருந்தது என்று சிலர் சொல்வார்கள். இல்லை, நாலு முடியப் போகிறது என்று அதன் அப்பாவே ஒருமுறை சொன்னான். எதிர்வீட்டு ஜன்னல் வழியாகப் பார்த்ததும், பிறகு அவர்கள் வாயாலேயே துண்டு துண்டாகக் கேட்டதும் ஒன்றோடொன்று ஒட்டிப்போய்விட்டன. எது பார்த்தது, எது கேட்டது என்று பிரிக்க வரவில்லை. ஒன்றில் மட்டும் சந்தேகம் இல்லை. அந்த வீட்டில் ஒருத்தி இன்னொருத்தியை மன்னிக்கவே இல்லை.

தெருவில் அவளுக்கு லேபிள்காரி என்று பெயர். பழ சிரப் அடைக்கும் கம்பெனியில் லேபிள் மேசை அவளுடையது. நிரப்பி மூடிய பாட்டில்கள் ஈரத்தோடு வரும். துணியால் ஒரு சுற்றுத் துடைக்க வேண்டும், லேபிளின் முதுகில் பசையை இழுத்துவிட வேண்டும், இரண்டு கட்டைவிரலாலும் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தள்ளி ஒட்ட வேண்டும். பாட்டில் கொஞ்சம் ஈரமாக இருந்தாலும் லேபிள் வழுக்கிக் கோணிக்கொள்ளும். கோணிய பாட்டில் கடைக்குப் போகாது. மேசைக்கு அடியில் ஒரு கிரேட் பெட்டியில் சேரும். வாரக் கடைசியில் ஆளுக்கு இரண்டாகப் பிரித்துக் கொடுத்துவிடுவார்கள். அங்கே வேலை செய்கிறவர்கள் வீட்டில் எல்லாம் கோணல் லேபிள் பாட்டில்தான். விருந்தாளி வந்தால் அதைத்தான் கரைத்துக் கொடுப்பார்கள். லேபிள்காரி வீட்டு அலமாரியிலும் சிவப்புப் பாட்டில்கள் தலையைச் சாய்த்துக்கொண்டு வரிசையாக நிற்கும்.

புருஷன் பார்சல் வேன் ஓட்டினான். நல்லவன். யார் பேசினாலும் தலையாட்டிவிட்டு வேன் சாவியைத் தேடுகிற ரகம். அவனுடைய அக்காள் முன்னறையில் இஸ்திரி மேசை போட்டிருந்தாள். கட்டியவன் வேறொருத்தியோடு போய்விட்ட பிறகு தம்பி வீட்டுக்கு வந்தவள். பிள்ளையில்லை. தம்பிக்குப் பெண் குழந்தை பிறந்ததும், பெற்றவள் வேலைக்குத் திரும்பியதும், பகல் முழுக்க அந்தக் குழந்தை அத்தைக்காரியின் கையில் வந்தது. குழந்தையை எல்லோரும் வாண்டு என்றே கூப்பிட்டார்கள்.

வாண்டு முதலில் சொன்ன வார்த்தை "அத்தை." அன்று வேன்காரன் விழுந்து விழுந்து சிரித்தான். லேபிள்காரியும் சிரித்தாள். ஆனால் அதை அவள் எங்கோ ஓரிடத்தில் பத்திரமாக எடுத்து வைத்துக்கொண்டாள்.

*

ஒரு விடுமுறை நாள் காலையில் வாண்டுவின் மேல் உதடு வீங்கியிருந்தது. ஒரு வாய் ரொட்டி தின்னவில்லை. தண்ணீர் பட்டாலும் வீறிட்டது. லேபிள்காரி உதட்டைத் தூக்கிப் பார்த்தாள். முன்பற்கள் நான்கும் ஈறு ஓரத்தில் கறுத்து, அரித்து, ஊறிப்போன மரக்குச்சி மாதிரி நின்றன. ஒன்றின் மேலே ஈறில் மஞ்சளாக ஒரு கொப்புளம்.

"இது எப்போ அண்ணி இப்படி ஆச்சு?"

இஸ்திரிக்காரி மேசையிலிருந்து எட்டிப் பார்த்தாள். "கொஞ்ச நாளாவே கறுப்பாத்தான் இருக்கு. பால் பல்லுதானே, விழுந்து முளைக்கும்னு இருந்தேன். ஏன், நீ பார்க்கலியா?"

அந்தக் கடைசி வார்த்தை காதில் விழாத மாதிரி லேபிள்காரி குடையை எடுத்தாள். குழந்தையைத் தூக்கிக்கொண்டு மழையில் இறங்கிவிட்டாள்.

பல் டாக்டர் சின்ன வயதுப் பெண். கண்ணாடிக் குச்சியை வாண்டுவின் கையில் கொடுத்து விளையாட விட்டு, அது வாயைத் திறந்த நேரத்தில் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டாள். பிறகு கையுறையைக் கழற்றினாள்.

"பாட்டிலை வாயில வெச்சுக்கிட்டே தூங்குமா?"

"பாட்டிலை எப்பவோ விட்டிருக்கணும் டாக்டர். பகல்ல மட்டும் குடிக்குது."

"நான் கேட்டது அது இல்லைம்மா. வாயில வெச்சுக்கிட்டே தூங்குமா?"

"...தூங்கும்."

"அதுல என்ன இருக்கும்?"

"பால்தான்."

"சிவப்புத் தண்ணி," என்றது வாண்டு, கண்ணாடிக் குச்சியில் தன் மூக்கைப் பார்த்துக்கொண்டே. "அத்தை சிவப்புத் தண்ணி தரும். நான் தூங்குவேன். அத்தை துணி தேய்க்கும்."

டாக்டர் லேபிள்காரியைப் பார்த்தாள். லேபிள்காரிக்குக் காது இரண்டும் சூடேறியது.

"நான் இல்லை டாக்டர். என் நாத்தனார். நான் வேலைக்குப் போயிடறேன்."

"யாரு குடுத்தாலும் பல்லு ஒண்ணுதானேம்மா." டாக்டர் குரலை உயர்த்தவில்லை. "தூங்கறப்போ எச்சில் ஊறாது. அந்த இனிப்பு அப்படியே பல்லுமேல நிக்கும். கழுவிவிட யாரும் இல்லை. முன்பல்லு நாலும் தேறாது, எடுத்துடணும். சீழை விட்டா உள்ள இருக்கற பெரிய பல்லையும் கெடுத்துடும். இப்போ மருந்து தர்றேன், வீக்கம் வடியட்டும். அடுத்த வாரம் கூட்டிட்டு வாங்க. கடைவாய்ப் பல்லு இன்னும் நல்லா இருக்கு. அதையாவது காப்பாத்துங்க. காலையில ஒரு தடவை, படுக்கப் போறப்போ ஒரு தடவை, பெரியவங்க கையால தேய்ச்சு விடணும். இப்போ யாரு தேய்க்கறது?"

"காலையில அண்ணி."

"ராத்திரி?"

லேபிள்காரி குழந்தையின் சட்டைப் பித்தானைப் போட்டுவிட்டாள். அது ஏற்கெனவே போட்டுத்தான் இருந்தது.

வெளியே மருந்துச் சீட்டு எழுதிய நர்ஸ் வெற்றிலை போட்ட மாதிரி சிவந்த உதட்டுக்காரி, பேச்சுக்கு அலைகிறவள். "பல்லு எடுக்கிறப்போ நல்லா பலமான ஆளா கூட்டிட்டு வாங்க. மடியில உக்காத்தி ரெண்டு கையையும் இறுக்கிப் புடிச்சுக்கணும். போன வாரம் ஒரு பொடியன் அவங்க அப்பன் கண்ணாடியை உடைச்சுட்டான்."

"யார் புடிச்சாலும் பரவாயில்லையா?"

"யாரா இருந்தா என்ன? ஆனா ஒண்ணு, புடிச்சவங்க மூஞ்சியைப் பிள்ளைங்க ரொம்ப நாள் மறக்காது. ஊசி போட்ட டாக்டரை விட்டுடும், புடிச்ச ஆளைத்தான் வெச்சு செய்யும்." நர்ஸ் தானே சிரித்துக்கொண்டாள்.

லேபிள்காரி சிரிக்கவில்லை. அந்த வாக்கியத்தை அவள் வீடு வரைக்கும் சுமந்துகொண்டு நடந்தாள். குடை இருந்தும் விரிக்கத் தோன்றவில்லை.

*

வீட்டுக்குப் போனதும் கத்தியிருக்கலாம். இஸ்திரி மேசையைக் கவிழ்த்திருக்கலாம். புருஷனைக் கூப்பிட்டு நியாயம் கேட்டிருக்கலாம். தெருவே அதைத்தான் எதிர்பார்த்திருக்கும். அவள் அதில் எதையும் செய்யவில்லை. ஈரச் சேலையை மாற்றினாள், மருந்தைக் கரண்டியில் ஊற்றிக் குழந்தைக்குக் கொடுத்தாள், பிறகு உள்ளறைக் கதவோரம் உட்கார்ந்து முன்னறையையே பார்த்தாள்.

இஸ்திரிக்காரி ஒரு சட்டையை விரித்துத் தண்ணீர் தெளித்தாள். மழை நாளில் வேலை இரட்டிப்பு. காயாத துணியைத்தான் எல்லோரும் கொண்டுவந்து கொட்டுவார்கள். பெட்டியை வைத்ததும் ஆவி குப்பென்று எழும். முதலில் காலர், பிறகு தோள், பிறகு கை, கடைசியில் முதுகு. ஒரு அசைவும் வீணில்லை. அந்தக் கைகள் எத்தனை பகல் பாட்டிலைக் கரைத்திருக்கும் என்று லேபிள்காரி யோசித்தாள். யோசிக்க யோசிக்க உள்ளே ஏதோ ஒன்று சத்தமில்லாமல் கெட்டியானது.

"டாக்டர் என்ன சொன்னாங்க?"

"ஒண்ணுமில்லை அண்ணி. புண்ணு. மருந்து குடுத்தாங்க. அடுத்த வாரம் ஒரு தடவை காட்டணுமாம்."

"நல்ல வேளை. நான் பயந்தே போயிட்டேன். காலையிலேர்ந்து ரெண்டு சட்டையைத் தீய்ச்சுட்டேன்."

"எனக்கு அடுத்த வாரம் லீவு கிடைக்காது. நீங்க கூட்டிட்டுப் போறீங்களா?"

"நான் போகாம யாரு போவா? என்ன பண்ணுவாங்க?"

"சும்மா பார்ப்பாங்க."

"சும்மா பார்க்கறதுதானே?"

"சும்மா பார்க்கறதுதான்."

இஸ்திரிக்காரி வாண்டுவைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினாள். "கேட்டுக்கிட்டியாடி? நீயும் நானும் ஊர் சுத்தப் போறோம். அவங்க சும்மா உன் வாயைப் பார்ப்பாங்க. உள்ள எத்தனை எலி இருக்குன்னு எண்ணுவாங்க. வந்துடலாம்."

வாண்டு வீங்கிய உதட்டோடு சிரித்தது. லேபிள்காரி எழுந்து அடுப்படிக்குப் போனாள். நினைத்ததைவிட நன்றாக அமைந்துவிட்டது. பொய்யையும் அவளே குழந்தையிடம் சொல்லிவிட்டாள்.

அன்றிலிருந்து சிவப்புப் பாட்டில்களை அவள் அலமாரியிலிருந்து எடுத்து உயரத்தில், பழைய பெட்டிக்குப் பின்னால் வைத்துவிட்டாள். "டாக்டர் இனிப்பு வேண்டாம்னாங்க" என்று மட்டும் சொன்னாள். அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. சொன்னால் அண்ணி அழுவாள். அழுதால் மனசு இறங்கிவிடும். இறங்குவதற்கு அவள் தயாராக இல்லை.

புருஷனிடம் மட்டும் உண்மையைச் சொன்னாள், அதுவும் பாதி. பல்லைப் பிடுங்கப் போகிறார்கள், அண்ணியிடம் சொல்ல வேண்டாம், முன்கூட்டியே பயந்துவிடுவார்கள் என்றாள்.

"நீ போனா என்ன?"

"நான் புடிச்சா மயக்கம் போட்டுடுவேங்க."

அவன் தலையாட்டினான். வேன் சாவியைத் தேடினான்.

அந்த வாரம் முழுக்க அவள் நல்ல மருமகளாக இருந்தாள். அண்ணிக்குத் தட்டு கழுவிக் கொடுத்தாள், டீயைக் கையில் கொண்டுபோய்க் கொடுத்தாள். இஸ்திரிக்காரி ஒருமுறை அவளை ஏற இறங்கப் பார்த்து, "என்ன, ஏதாவது வேணுமா?" என்றாள். "ஏன் அண்ணி, சும்மா குடுத்தா ஆகாதா?" என்று இவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பு தன் முகத்தில் எப்படி உட்கார்ந்திருந்தது என்பதைக் கண்ணாடியில் பார்த்திருந்தால் பயந்திருப்பாள்.

*

அந்த நாள் லேபிள் மேசையில் அவளுக்கு ஒரு லேபிள்கூடக் கோணவில்லை. பக்கத்தில் மூடி அழுத்துகிற மூடிக்காரி கவனித்துவிட்டாள்.

"என்னடி இன்னைக்கு? ரூலர் முழுங்கிட்டு வந்தியா? எல்லாம் நேரா நிக்குது. எங்க வீட்டுக்கு இந்த வாரம் பாட்டில் வராது போலிருக்கே."

"கை நல்லா இருக்கு."

"மூஞ்சி நல்லா இல்லையே."

"பிள்ளைக்கு இன்னைக்குப் பல்லு எடுக்கறாங்க."

மூடிக்காரியின் கை நின்றது. "அடிப்பாவி! பிள்ளைக்குப் பல்லு எடுக்கறப்போ இங்க வந்து லேபிள் ஒட்டிக்கிட்டிருக்கே? யாரு போயிருக்காங்க?"

"அவ அத்தை."

"அந்தம்மா பாவம், பூச்சியைக்கூடக் கொல்லாதே."

"பூச்சியை எதுக்குக் கொல்லணும்? நாலு பல்லை அரிச்சு வெச்சிருக்கா. அவளே மடியில வெச்சுப் புடிக்கட்டும். அவ கை புடிச்சிருக்க, அவ கண்ணு பார்த்திருக்க, ஒண்ணொண்ணா வரட்டும். பிள்ளையும் பார்க்கட்டும், யாரு கைன்னு."

இதை அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். பசையைத் தடவிக்கொண்டே சொன்னாள். மூடிக்காரி வாயாடி, எதற்கும் ஒரு பதில் வைத்திருப்பாள்.  அன்று அடுத்த பாட்டிலை இவள் பக்கம் தள்ளினாள், அவ்வளவுதான். அதற்குப் பிறகு ஷிப்ட் முடிகிற வரைக்கும் அந்த மேசையில் பாட்டில் ஒன்றோடொன்று இடிக்கிற சத்தம் மட்டும் கேட்டது.

லேபிள்காரி ஒவ்வொரு பாட்டிலிலும் பல் டாக்டர் நாற்காலியைப் பார்த்தாள். குழந்தை திமிறுகிறது. அண்ணியின் முகம் வெளுக்கிறது. "அத்தை, விடு அத்தை" என்று கத்துகிறது. விட முடியாது. அதற்கப்புறம் அந்தக் குழந்தை அவள் மடியில் ஏறுமா? ஏறாது. மாலையில் வாசலில் அம்மாவைப் பார்த்ததும் கையை நீட்டிக்கொண்டு ஓடி வரும். அந்தக் காட்சியை அவள் மறுபடி மறுபடி ஓட்டிப் பார்த்தாள். ஒவ்வொரு முறையும் குழந்தை இன்னும் கொஞ்சம் வேகமாக ஓடி வந்தது.

*

மாலை மழை விட்டு, தெருவில் தண்ணீர் தேங்கி நின்றது. வீட்டு வாசலில் துணி மூட்டைகள் அவிழ்க்காமல் கிடந்தன. இஸ்திரி மேசை மேல் போர்வை மடித்து வைக்கப்பட்டிருந்தது. பெட்டி சுவரோரம் ஆறிப்போய் நின்றது.

இஸ்திரிக்காரி மேசைக்குக் கீழே, சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தாள். வாண்டு அவள் தோளில் முகத்தைப் புதைத்திருந்தது. இஸ்திரிக்காரியின் முன்கையில் ஒரு துணி சுற்றியிருந்தது. அதில் கொஞ்சம் ரத்தம் ஊறியிருந்தது.

"வாண்டு, அம்மா வந்துட்டேன் பாரு."

குழந்தை தலையைத் திருப்பியது. வாய் ஓரத்தில் பஞ்சு. கண் இரண்டும் உப்பிக் கிடந்தன. அம்மாவை நன்றாகப் பார்த்தது. பிறகு அத்தையின் கழுத்துக்குள் மறுபடி முகத்தை வைத்துக்கொண்டது.

"வாடி கண்ணு."

"போ," என்றது வாண்டு. முன்பல் இல்லாமல் காற்றாக வந்தது அந்தக் குரல். "நீ வரலை. போ."

லேபிள்காரி நீட்டிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் பையை இறக்கி வைத்தாள்.

"கையில என்ன அண்ணி?"

"கடிச்சா. நான்தான் கடிச்சுக்கோன்னேன்." இஸ்திரிக்காரி குழந்தையின் முதுகைத் தடவிக்கொண்டே பேசினாள். குரல் இறங்கியிருந்தது. "போய் உக்காந்ததும் டாக்டர் ஊசியை எடுத்தாங்க. சும்மா பார்க்கறதுதானேன்னு கேட்டேன். அந்தப் பொண்ணு என்னை ஒரு மாதிரி பார்த்துச்சு. நாலு பல்லு எடுக்கணும், உங்க வீட்டு அம்மாகிட்ட போன வாரமே சொல்லியாச்சேன்னுச்சு. ஏன் எடுக்கணும்னு கேட்டேன். அதையும் சொல்லுச்சு."

லேபிள்காரி இறக்கி வைத்த பையை மறுபடி கையில் எடுத்தாள்.

"நான் டாக்டரைக் கொஞ்சம் பொறுக்கச் சொன்னேன். இவளைத் திருப்பி உக்காத்தி வெச்சுச் சொன்னேன். அடியே, அத்தை பொய் சொல்லிட்டேன். எனக்குத் தெரியாது. இவங்க பல்லை எடுப்பாங்க, வலிக்கும். அந்தச் சிவப்புத் தண்ணி குடுத்தது நான், உன் பல்லு கெட்டது என்னாலதான். உனக்கு வலிக்கறப்போ என் கையைக் கடிச்சுக்கோ, நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்னேன். கடிச்சா. நாலுக்கும் கடிச்சா."

வெளியே யாரோ சைக்கிளில் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போனார்கள்.

"ஏன் குடுத்தீங்க?" என்றாள் லேபிள்காரி. ஒரு வாரமாகப் பல்லைக் கடித்து வைத்திருந்தது வெளியே வந்தது. "ஏன் குடுத்தீங்க அண்ணி? தூங்க வெச்சுட்டு சட்டை தேய்க்கத்தானே? உங்களுக்கு உங்க மூட்டைதானே பெருசு?"

"ஆமா. தூங்க வைக்கத்தான் குடுத்தேன். ஒரு நாள் பெட்டி வயரைப் புடிச்சு இழுத்தா. சூடு பெட்டி மேசை ஓரத்துக்கு வந்து நின்னுச்சு. அவ தலைக்கு நேரா. அன்னைக்கு என் உயிர் என்கிட்ட இல்லை. அதுக்கப்புறம் பெட்டி சூடா இருக்கற நேரம் அவ தூங்கணும்னு நினைச்சேன். பழத்துல செஞ்சதுன்னு பாட்டில்ல படம் போட்டிருக்கு. நீ கொண்டுவந்தது. பிள்ளைக்கு ரத்தம் ஊறும்னு நினைச்சேன். நான் படிச்சவ இல்லை. தப்பு. என் தப்புதான், யார்கிட்ட வேணா சொல்றேன்." அவள் நிமிர்ந்து பார்த்தாள். "ஆனா நீ ஒண்ணு சொல்லு. சாயங்காலம் வந்து அந்தப் பாட்டிலைத் தினமும் கழுவி வெச்சது யாரு?"

லேபிள்காரிக்கு அடுப்படித் தொட்டி கண்முன் வந்தது. பாட்டிலின் அடியில் ஒட்டிய சிவப்பு. வெந்நீர் ஊற்றிக் குலுக்கினால் இளஞ்சிவப்பாக வெளியே வரும். ரப்பர் காம்பு விரலில் பிசுபிசுக்கும். அதில் வரும் வாசனை தன் லேபிள் மேசையின் வாசனையேதான் என்று ஒவ்வொரு மாலையும் நினைத்திருக்கிறாள். அதற்கு மேல் நினைத்ததில்லை. குழந்தை அடம் பிடிக்காமல் தூங்கிக்கொண்டிருந்தது. அவளுக்குக் கால் வலித்தது. அது போதுமாக இருந்தது.

"அது வேற," என்றாள்.

"வேறதான்." இஸ்திரிக்காரி குழந்தையைத் தோளிலிருந்து மெதுவாக எடுத்துப் பாயில் படுக்க வைத்தாள். "நான் தெரியாம செஞ்சேன். நீ என்னை அந்த நாற்காலியில உக்காத்தினது தெரிஞ்சு செஞ்சது. என்னைப் பழிவாங்கணும்னா என் மூஞ்சியில காறித் துப்பியிருக்கலாம். வாங்கிட்டிருப்பேன். பிள்ளையைக் கத்தியா எடுத்தே பாரு, அதைத்தான் என்னால விட முடியாது."

"என்ன பண்ணுவீங்க?"

"ஒண்ணும் பண்ண மாட்டேன். இனிமே ஒண்ணுமே பண்ண மாட்டேன். இதுவரைக்கும் காலையில அவ பல்லைத் தேய்ச்சது நான். நாளையிலேர்ந்து ரெண்டு வேளையும் உன்னது. அவ வாயைத் திறக்கட்டும், நீ தேய்."

வேன்காரன் வந்தபோது அக்காள் தன் துணிகளை ஒரு மூட்டையாகக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"என்னக்கா இது? எங்க போறே?"

"பக்கத்துத் தெருவுல தையல்காரர் கடைக்குப் பின்னாடி அறை காலியா இருக்கு. வேனைக் கொண்டுவா, மேசையை ஏத்தணும்."

"இப்பவா? எதுக்கு?"

"உன் பொண்டாட்டியைக் கேளு."

அவன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். கேட்கவில்லை. வேனைக் கொண்டுவந்தான். மேசையின் ஒரு பக்கத்தை அவன் பிடித்தான், மறுபக்கத்தைப் பிடிக்க லேபிள்காரி எழுந்தாள். "நீ தொடாதே," என்றாள் இஸ்திரிக்காரி. அவளே துணி சுற்றிய கையோடு தூக்கினாள்.

*

அடுத்த நாள் லேபிள்காரி லீவு போட்டாள். அதற்கடுத்த நாளும். கிடைக்காது என்று சொன்ன லீவு கிடைத்தது.

குழந்தையின் பிரஷ்ஷை எடுத்து, பட்டாணி அளவு பேஸ்ட் வைத்துக் குனிந்தாள். வாண்டு உதட்டை உள்ளே இழுத்து இறுக்கிக்கொண்டது. கெஞ்சினாள். பொம்மையைக் காட்டினாள். பொம்மைக்குப் பல் தேய்த்துக் காட்டினாள். எலி எண்ணலாமா என்று கேட்டாள். அது அத்தையின் விளையாட்டு என்று குழந்தைக்குத் தெரியும், இன்னும் இறுக்கிக்கொண்டது. கடைசியில் பொறுமை போய், கன்னம் இரண்டையும் விரலால் அழுத்தி வாயைத் திறந்தாள். பிரஷ் உள்ளே போனது. வாண்டு கத்தவில்லை. கையையும் காலையும் தளர்த்திவிட்டு, கண்ணை மட்டும் அம்மாவின் முகத்தில் வைத்துக்கொண்டு அப்படியே கிடந்தது. கண் கொட்டவில்லை.

நர்ஸ் சொன்னது அப்போதுதான் அவளுக்கு முழுதாகப் புரிந்தது. பிரஷ் கையிலிருந்து நழுவியது.

வேன்காரன் முயன்று பார்த்தான். அவனுக்கு வாயைத் திறந்தது, ஆனால் அவனுக்குத் தேய்க்கத் தெரியவில்லை. முன்பக்க ஈறில் இரண்டு இழு இழுத்துவிட்டு "சபாஷ்" என்பான். கடைவாயில் ஒரு பல்லில் சின்னக் கறுப்புப் புள்ளி தெரிந்த அன்று அவன் யாரையும் கேட்காமல் குழந்தையை வேனில் ஏற்றித் தையல்கடைக்குப் பின்னால் கொண்டுபோனான்.

இஸ்திரிக்காரி பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு வந்தாள். "அவளை வரச் சொல்லு," என்றாள். "வந்து வாசல்ல நின்னு கேட்கச் சொல்லு. தேய்ச்சு விடறேன்."

லேபிள்காரி போனாள். வாசலில் நின்றாள். தையல்காரர் மிஷினை நிறுத்திவிட்டுப் பார்த்தார்.

"அண்ணி, பிள்ளைக்குப் பல்லு தேய்ச்சு விடுங்க."

"யாரு கெடுத்த பல்லு?"

லேபிள்காரிக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. மேசையில் ஒரு சட்டை பாதி தேய்த்தபடி கிடந்தது, ஒரு கை மட்டும் மொடமொடப்பாக.

"நாம ரெண்டு பேரும் கெடுத்தது."

"நான் கெடுத்ததை நான் ஒத்துக்கிட்டேன். நீ கெடுத்ததைச் சொல்லு."

அவள் சொன்னாள். தாழ்ந்த குரலில்தான் சொன்னாள், ஆனால் தையல்காரர் கேட்டார், துணி வாங்க வந்திருந்தவர்கள் கேட்டார்கள், வேன்காரன் கேட்டான். அன்று மாலைக்குள் தெருவும் கேட்டுவிட்டது. இஸ்திரிக்காரி தலையசைத்தாள். குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். தண்ணீர்க் குழாய் திறக்கிற சத்தமும், "எத்தனை எலிடி இன்னைக்கு?" என்கிற குரலும், வாண்டுவின் சிரிப்பும் வாசல் வரைக்கும் வந்தன. லேபிள்காரியை யாரும் உள்ளே கூப்பிடவில்லை.

*

இது நடந்து வெகு காலம் ஆகிவிட்டது. வாண்டு பள்ளிக்கூடம் போகிற வயது முழுக்க, காலையும் மாலையும் தையல்கடை வழியாகத்தான் போய் வந்தாள். புதுப்பற்கள் நேராகவே முளைத்தன, ஒன்று மட்டும் கொஞ்சம் பழுப்பாக. பல் டாக்டர் வேறு ஊருக்கு மாறிப்போனாள். தையல்காரர் இறந்துபோனார், அவர் கடையையும் சேர்த்து இஸ்திரிக்காரியே எடுத்துக்கொண்டாள். அவள் கையில் அந்தக் கடித்த தழும்பு இருக்கிறது. தம்பி பெண்டாட்டியோடு இன்றுவரை பேசவில்லை. வேன்காரனுக்கு முதுகு போய்விட்டது. வீட்டில்தான் இருக்கிறான், இரண்டு வீட்டுக்கும் நடந்து போய் வருகிறான். மூடிக்காரி மேற்பார்வைக்காரி ஆனாள். லேபிள் ஒட்ட மிஷின் வந்த பிறகு லேபிள்காரியைப் பாட்டில் கழுவும் பிரிவுக்கு மாற்றினார்கள். அங்கேயே ஓய்வு பெற்றாள்.

வாண்டுவுக்குக் கல்யாணமாகி ஒரு ஆண் குழந்தை இருக்கிறது. அவளும் வேலைக்குப் போகிறாள். பகலில் குழந்தையை இஸ்திரிக் கடையில் விட்டுவிட்டுப் போகிறாள். வீட்டில் சும்மா இருக்கும் அம்மாவிடம் விடவில்லை. விடலாமா என்று கேட்கவும் இல்லை.